ஆறு மணிப் பூசைக்கு முன் ஒரு கோப்பை

எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று அறிய நான் மூக்கை நீட்டத் தேவையில்லை. புகையே வந்து சொல்லிவிட்டுப் போகும். கொட்டாஞ்சேனையில் இந்த லைன் வீடுகளைக் கட்டியவன் சுவரிலும் இடத்திலும் மிச்சம் பிடித்தவன். என் குசினி யன்னலுக்கும் நிக்கலஸ் வீட்டுக் குசினி யன்னலுக்கும் நடுவில் ஒரு கழிவுநீர்க் கானும் இரண்டு முழ வெளிச்சமும்தான் உண்டு. அங்கே கரண்டி விழுந்தால் இங்கே நான் குனிவேன். மாக்ரெட் எட்டிப் பார்த்தாள் என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் மீன் வெட்ட வேண்டும்.

நிக்கலஸ் துறைமுகத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். வெள்ளைக் கோட்டு, கறுப்பு டை, கக்கத்தில் குடை. எட்டு வயதில் பூசைக்கு உதவி செய்யத் தொடங்கி, மீசை நரைத்த பிறகும் வேதக் கோயில் முன்வாங்கில் நின்று சுவாமியின் லத்தீனுக்கு லத்தீனில் மறுமொழி சொல்லுவார். பாதிப் பேருக்கு அதில் ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் அவருடைய கனத்த குரல் கேட்டால் பூசை ஒழுங்காக நடக்கிறது என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

அந்த மனுஷனுக்குத்தான் மறதி வந்தது. முதலில் தொப்பி தொலைந்தது, பிறகு குடை. பிறகு ஒரு நாள் அவரே தொலைந்தார். கிராண்பாஸ் ட்ராமில் ஏறியவர் கடைசித் தரிப்பில் இறங்காமல் அதே ட்ராமில் கோட்டைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போய், நாலாம் தரம் கண்டக்டர் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். வீட்டு வாசலில் நின்ற பெண்சாதியைப் பார்த்துத் தொப்பி இல்லாத தலையில் தொப்பியைத் தூக்குகிற மாதிரிக் கையைத் தூக்கி, “குட் ஈவினிங், மிஸ்” என்றார். ஒழுங்கை ஒரு கிழமைக்கு அதைச் சொல்லிச் சிரித்தது. நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அவர் பெண்சாதி றஞ்சிதம் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. பொய் சொல்லப் பழகிக்கொண்டாள். அவருடைய தாய் செத்து முப்பது வருஷம். “அம்மா எங்கை?” என்று அவர் முதல் தரம் கேட்டபோது உள்ளதைத்தான் சொன்னாள். மனுஷன் அப்போதுதான் சவப்பெட்டியைக் குழியில் இறக்கின மாதிரிக் குழறி அழுதார். அடுத்த முறை, “சந்தைக்குப் போட்டா, வந்திடுவா” என்றாள். அன்றைக்குச் சந்தைக்குப் போன கிழவி போனவள்தான். அலுமாரிக் கண்ணாடிக்குள் ஒரு கிழவன் நின்று முறைக்கிறான் என்று இவர் சண்டைக்குப் போக, கண்ணாடியை மறைத்துத் திருக்குடும்பப் படத்தைத் தொங்கவிட்டாள். அவருக்கு அடையாளம் தெரியக் கக்கூசுக் கதவுக்குச் சிவப்பு மை பூசினாள். உடுப்புகளைப் போடுகிற ஒழுங்கில் கட்டிலில் வரிசையாக விரித்து வைப்பாள். முதலில் பனியன், கடைசியில் டை. அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தானே உடுத்துக்கொள்ளுவார். துரை மாதிரி வெளியே வருவார்.

ஒரு நாள் பைப்படியில் நான் இரக்கத்தோடுதான் கேட்டேன், அவர் உன்னை மிஸ் என்று கூப்பிடுகிறாராமே, உண்மையா என்று. அவள் வாளியை நிமிர்த்திவிட்டு, “மாக்ரெட் அக்கா, உங்கட மனுஷன் உங்களை என்னெண்டு கூப்பிடுறவர்?” என்றாள்.

என் புருஷன் சிங்கப்பூருக்குக் கப்பலேறி ஒன்பது வருஷம். கடிதம் வருவதில்லை. பைப்படியில் நின்ற ஆறு பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் தொண்டையில் மீன் முள்ளு மாதிரி இருந்தது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். பிறகு நடந்ததை விளங்கிக்கொள்ள அது உதவும்.

அவர்களுக்கு ஒரே மகன், ஒஸ்வால்ட். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வீடு, கந்தோரில் உத்தியோகம், நாயோடு இங்கிலீஷ் கதைக்கிற பெண்சாதி. தகப்பன் தெருவில் திரிவது அவனுக்கு வெட்கம். நாற்பது நாள் நோன்புத் தபசு காலத்துக்கு முந்தின ஞாயிறு வந்து குசினியில் நின்றுகொண்டு தாயோடு கதைத்தான். யன்னல் திறந்திருந்தது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“மம்மா, எத்தினை நாளைக்கு? அங்கொடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம். டொக்டரின்ரை கையெழுத்து ஒண்டு காணும்.”

“அங்கொடை புத்தி பேதலிச்ச விசரருக்கெல்லோ,” என்றாள் றஞ்சிதம். “ஆறு மணிப் பூசைக்கு ஒருக்கா வந்து பார். பப்பா ஒரு சொல்லுப் பிசகினாரெண்டா நீயே கூட்டிக்கொண்டு போ.”

அவன் உண்மையாகவே புதன்கிழமை வந்தான். கோயிலின் கடைசித் தூணில் சாய்ந்து நின்றான். பீடத்திலிருந்து சுவாமி, ஆண்டவர் உங்களோடு என்கிற “தோமினுஸ் வொபிஸ்கும்” சொன்னதும் முன்வாங்கிலிருந்து “எத் கும் ஸ்பிரித்து துவோ” என்று தகப்பனின் குரல் மணி மாதிரிக் கேட்டது. எழும்புகிற இடத்தில் எழும்பினார், முழங்காலில் நிற்கிற இடத்தில் நின்றார், பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதிக்குப் போய் நாக்கில் அப்பமாக நன்மை வாங்கினார், கையைக் கும்பிட்டபடி திரும்பி வந்தார். பெண்சாதியின் முகம் தெரியாத மனுஷன் பூசையில் ஓர் எழுத்து விடவில்லை. ஒஸ்வால்ட் தாயிடம் சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான்: பூசையில் இப்படி நிற்கும் வரைக்கும் நான் வாய் திறக்க மாட்டேன், கோயிலில் குழப்பினால் அன்றைக்கே கார் வரும்.

ஆக, அந்த வீட்டின் கூரை அந்த ஆறு மணிப் பூசையின் மேல்தான் நின்றது. அது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

நன்மை வாங்குகிறவன் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் இருக்க வேண்டும். அது சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். மாத்திரையை விழுங்கத் தண்ணீர் குடித்துவிட்டு அன்றைக்கு நன்மை வாங்காமல் பின்வாங்கில் இருந்து அழுதவர்கள் எங்கள் பங்கில் உண்டு. அப்படியிருக்க, தபசு காலத்து நாலாம் கிழமை, விடியப்புறம் ஐந்தேகாலுக்கு, நான் கண்டது இது. நிக்கலஸ் கோட்டும் டையுமாகக் குசினி மேசையில் இருக்கிறார். றஞ்சிதம் பெரிய இனாமல் கோப்பையை அவர் முன்னால் வைக்கிறாள். அவர் இரண்டு கையாலும் பிடித்து, ஊதி ஊதி, ஆற அமரக் குடிக்கிறார்.

“சீனி காணுமா?” என்று கேட்கிறாள் அவள்.

“காணும்,” என்கிறார் அவர்.

காணும் என்றால் எங்கள் ஊரில் போதும் என்று அர்த்தம். எது கண்டாலும் காணாத என்னைப் போன்றவர்கள் அதிகம் சொல்லாத சொல். நான் நவநாள் செய்கிற மாதிரி ஒன்பது நாள் தொடர்ந்து பார்த்தேன். ஒன்பது நாளும் அதே கோப்பை, அதே ஊதல், அதே “காணும்”. பிறகு கைகோத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் அவர் நன்மை வாங்குகிறார்.

நான் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. கேட்பதோடு சரி. மாதா சபைத் தலைவி றோஸியிடம், “சும்மா கேக்கிறன் றோஸி, மறதிக்காரருக்கு அந்த நடுச்சாமச் சட்டம் இல்லையோ?” என்று மட்டும் கேட்டேன். றோஸி கழுத்தில் கிடந்த நீல நாடாவைப் பிடித்துக்கொண்டு, ஏன், யார், எப்போது என்று கேட்டாள். கேட்டால் மறுமொழி சொல்லத்தானே வேண்டும். அடுப்பில் நெருப்பு இருந்ததா என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கே அது நினைவில் இல்லை.

மூன்றாம் நாள் பங்குச் சுவாமி றஞ்சிதத்தைக் கூப்பிட்டுவிட்டார். உள்ளே நடந்ததைச் சுவாமி வீட்டுக் குசினிக்காரி றோஸிக்குச் சொல்ல, றோஸி எனக்குச் சொன்னாள். பூசைக்கு முன் குடிக்கக் கொடுத்தாயா என்று சுவாமி கேட்டாராம். றஞ்சிதம், “ஓம் சுவாமி” என்றாளாம்.

எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா? என் கண் பொய் சொல்லவில்லை.

சுவாமி நல்ல மனுஷன்தான், கோபிக்கவில்லை. அந்தக் கோப்பையை நிறுத்து, நிறுத்தினாய் என்று சபைக்காரர் வந்து சொன்னால் நான் முன்போல நன்மை கொடுப்பேன் என்றாராம். சபைக்காரர் என்றால் யார்? யன்னல் வைத்திருக்கிற நான்தான். கையில் சம்பளம் இல்லாத உத்தியோகம். அடுத்த நாள் ஐந்து மணிக்கே எழும்பி நின்றேன்.

றஞ்சிதம் கோப்பையை வைக்கவில்லை. நிக்கலஸ் மேசையில் கையை விரித்துக்கொண்டு இருந்தார். அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். எழும்பவில்லை. கோயிலுக்கு நேரமாயிற்று என்றாள். தேத்தண்ணி குடிக்காமல் எப்படி வேலைக்குப் போறது என்று கேட்டார். துறைமுகத்துக்குப் போகிற நிக்கலஸ் குடிக்காமல் வெளிக்கிட மாட்டார். கோயிலுக்குப் போகிற நிக்கலஸ் குடிக்கக் கூடாது. இரண்டு பேரும் இப்போது ஒரே கோட்டுக்குள் இருந்தார்கள். ஆறு மணி அடித்தது. அன்றைக்கு அவர்கள் போகவில்லை. பகல் முழுக்க அவர் படலையைப் பிடித்து உலுக்கிக்கொண்டு நின்றார்.

மறுநாள் அந்த யன்னலில் ஒரு கட்டில் விரிப்புத் தொங்கியது. மறைக்கிறவனுக்குத்தானே திரை வேண்டும் என்றாள் றோஸி. ஆனால் விரிப்புக்குக் காது அடைக்கத் தெரியாது. ஐந்தேகாலுக்கு “சீனி காணுமா?” என்று கேட்டது. “காணும்” என்று கேட்டது. நான் கேட்டதை றோஸிக்குச் சொன்னேன், அவள் சுவாமியிடம் கொண்டுபோனாள்.

குருத்தோலை ஞாயிறு. கோயில் நிரம்பி வாசலிலும் சனம். ஒஸ்வால்டும் பெண்சாதியும் வந்திருந்தார்கள். எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நிக்கலஸ் கிராதியில் முழங்காலில் நின்று, கண்ணை மூடி, நாக்கை நீட்டினார். சுவாமி அவருக்கு வலப்புறத்தில் நின்றவருக்குக் கொடுத்தார். ஓர் அடி தள்ளி, இடப்புறத்தில் நின்றவருக்குக் கொடுத்தார். வரிசை எழும்பிப் போயிற்று, அடுத்த வரிசை வந்து நின்றது. இவர் அசையவில்லை. சுவாமி மறுபடியும் தாண்டினார். கடைசியில் கிராதி முழுக்க வெறுமையாகி அவர் ஒருவர் மட்டும் நாக்கை நீட்டியபடி நின்றார்.

பிறகு கண்ணைத் திறந்தார். “சுவாமி, என்னை விட்டிட்டீங்கள்,” என்றார்.

கத்தவில்லை. ட்ராம் கண்டக்டரிடம் டிக்கட் கேட்கிற மாதிரிச் சொன்னார். ஆனால் அந்தக் குரலுக்குக் கோயில் சின்னது. றஞ்சிதம் பெண்கள் பக்கத்திலிருந்து எழும்பினாள். நடுவழியைத் தாண்டி, அத்தனை கண்ணுக்குள்ளாலும் அவள் வந்து சேருவதற்குள், அவர் கிராதிக் கதவைத் தள்ளித் திறந்து பீடத்துப் படியில் ஏறிவிட்டார். எட்டு வயதில் முழங்காலில் நின்ற அதே படி. இரண்டு பேர் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவர் குருத்தோலையால் ஒருவனின் முகத்தில் அடித்தார். பிறகு கையால் அடித்தார். பிறகு அழுதார்.

ஒஸ்வால்ட் எழும்பி வெளியே போனான். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன். செவ்வாய்க்கிழமை காலை கார் வந்தது.

அன்றைக்கு விடியற்காலை யன்னலில் விரிப்பு இல்லை. நான் என் இடத்தில் நின்றேன். பழக்கம்தானே. அந்தக் குசினியிலிருந்து புகை வந்து என் கண்ணைக் கரித்தது, தேயிலை வாசம் வந்தது. அவர் கோட்டும் டையுமாக இருந்தார். கோப்பையிலிருந்து ஆவி எழும்பியது. அவர் ஊதினார், ஒரு மிடறு குடித்தார், கோப்பைக்குள் பார்த்தார்.

“சீனி காணுமா?”

“காணாது,” என்றார்.

அவள் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினாள். குடித்துப் பார்த்து, காணாது என்றார். இன்னொரு கரண்டி போட்டாள். அதுவும் காணாது. இத்தனை நாளும் கண்ட சீனி இன்றைக்கு ஏன் காணவில்லை என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில் ஒழுங்கை முனையில் ஹோர்ன் அடித்தது. அவள் அவருடைய வாயைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்து, எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். காரில் ஏறும்போது ட்ரைவர் குட் மோர்னிங் சொன்னான். அவர் கையைக் கும்பிட்டு, “எத் கும் ஸ்பிரித்து துவோ” என்றார். பூசைக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

பாஸ்குத் திருநாள் முடிந்து நாலைந்து நாள் கழித்து நான் ஒரு தட்டில் பலகாரம் வைத்து மூடி எடுத்துக்கொண்டு போனேன். அயலென்றால் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வீட்டுக்குள் முன்வாசலால் நுழைந்தது அதுதான் முதல் தரம். றஞ்சிதம் முகம் கொடுத்தாள். குசினிக்கே கூட்டிப் போய், அவர் இருக்கிற கதிரையில் என்னை இருத்தினாள். அங்கிருந்து பார்த்தால் என் யன்னல் எவ்வளவு கிட்ட! என் வீட்டு உறி தெரிந்தது, உறியில் தொங்கிய சட்டி தெரிந்தது, நான் நிற்கிற இடத்தில் சுவரில் என் தோள் பட்டு எண்ணெய் ஏறிய கறையும் தெரிந்தது.

“அவர் சுகமோ?” என்று கேட்டேன்.

“நேற்றுப் போனனான். ‘றஞ்சிதம் எங்கை?’ எண்டு என்னட்டையே கேட்டார்.”

“நீ என்ன சொன்னாய்?”

“சந்தைக்குப் போட்டா, வந்திடுவா எண்டனான்.” அவள் எழும்பினாள். “இருங்கோ அக்கா, தேத்தண்ணி குடியுங்கோ.”

அதே இனாமல் கோப்பையைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். நான் எடுத்தேன். எடுத்த கை தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது, அவ்வளவு பாரமில்லை. உள்ளே பார்த்தேன். அடியில் இனாமல் பெயர்ந்து ஒரு துருப்பொட்டு. வேறொன்றும் இல்லை.

“வெறுங்கோப்பையா தந்திட்டாய்,” என்றேன்.

“ஓம். அவருக்கும் அதைத்தான் குடுத்தனான்.”

அப்போதுதான் எனக்குப் புகை நினைவுக்கு வந்தது. அந்த ஒன்பது நாளும், அதற்குப் பிறகும், அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாள் வரைக்கும், விடியப்புறம் அந்தக் குசினியில் புகை இல்லை. ஊர் வீட்டு அடுப்பையெல்லாம் முகர்ந்தே அறிகிற எனக்கு அந்த ஓர் அடுப்பு மட்டும் தட்டுப்படவில்லை.

அவள் அடுப்பங்கல்லில் இருந்துகொண்டு மெதுவாகக் கதைத்தாள். கையில் கோப்பை இல்லாவிட்டால் அவர் படலை தாண்ட மாட்டார். தேத்தண்ணி ஊற்றினால் நன்மை வாங்க முடியாது. ஒரு நாள் தவறி வெறுங்கோப்பையை வைத்தபோது அவர் அதையே ஊதிக் குடித்துவிட்டு எழும்பினாராம். அன்றிலிருந்து அதுதான்.

“இதைச் சுவாமியிட்டைச் சொல்லியிருக்கலாமே, றஞ்சிதம்.”

“என்னெண்டு சொல்ல? தேத்தண்ணியும் வெறுங்கோப்பையும் ஒண்டெண்டு இருக்கிறவருக்கு, அப்பமும் ஆண்டவரும் வேறையெண்டு விளங்குமோ எண்டு சுவாமி கேட்டா நான் என்ன சொல்லுறது? ஒஸ்வால்டின்ரை காதிலை விழுந்தா அண்டைக்கே கார் வந்திருக்கும். பாவம் செய்தவள் எண்டா அது என்னோடை போகும் அக்கா. விசரன் எண்டா அவர் போயிடுவார். அதுதான் ஓம் எண்டனான்.”

சுவாமியிடம் இப்போதாவது போய்ச் சொல்லலாம், நான் வருகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. வந்த வாய் நின்றது. போனால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள், நீ என்ன கண்டாய் என்று. மேலும், கார் போய்விட்டது. போன காரை லத்தீனாலும் திருப்ப முடியாது.

அவள் என் கையையும் கோப்பையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். குடிக்கும் வரைக்கும் விட மாட்டாள் என்று தெரிந்தது. இரண்டு கையாலும் தூக்கினேன். ஊத வேண்டுமோ என்று ஒரு யோசனை வந்தது. ஊதாமலே வாயில் வைத்து, இறக்கினேன்.

“சீனி காணுமா?” என்று கேட்டாள்.

“காணும்,” என்றேன்.

அவள் கோப்பையை வாங்கி, வாளித் தண்ணீரில் அலசி, உதறி, சுவரோரம் கவிழ்த்து வைத்தாள். என் பலகாரத் தட்டைத் திறந்து பார்க்காமல் அப்படியே திருப்பித் தந்தாள்.

வெளியே பைப்படியில் றோஸி வாளி நிரம்பி வழிவதையும் பாராமல் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். அவளோடு இன்னும் மூன்று பேர். எப்படி இருக்கிறாள், என்ன சொன்னாள், கோப்பையைப் பற்றி ஏதாவது வாய் விட்டாளா என்று ஒரே மூச்சில் கேட்டாள்.

“ஒண்டுமில்லை,” என்றேன். “தேத்தண்ணி தந்தவள்.”